ஸ்பிரிங் அடங்கும் ஓசை

ஒரே நிறுவனம், ஒரே மாடல். இரண்டு ஏர் ரைஃபிள்கள் மேசைமேல் கிடக்கின்றன. முதலாவதை எடுத்துச் சுட்டால் உள்ளே 'டொய்ங்' என்று ஏதோ சிணுங்குகிறது. எவர்சில்வர் தட்டு தரையில் விழுந்து சுழன்று சுழன்று அடங்குவதுபோல, கட்டையில் ஒட்டியிருக்கும் கன்னத்தில் ஓர் அதிர்வு தங்கி நிற்கிறது. இரண்டாவது 'தொப்' என்கிறது. தலையணையில் குத்தியதுபோல ஓர் ஓசை, உடனே அமைதி. இலக்குத் தாளில் இரண்டும் போட்ட துளைகள் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் இருக்கும். ஆனாலும் முதலாவதை இருபது முறை சுட்டவர் போதும் என்று கீழே வைத்துவிடுவார். இரண்டாவது கையில் கிடைத்தவர் பெல்லட் டப்பா காலியாகும்வரை தரமாட்டார்.

ஏர் ரைஃபிள்களைப் பிரித்துக் கோர்ப்பவர்களின் வாழ்நாள் வேலை அந்த 'டொய்ங்'கை 'தொப்' ஆக்குவதுதான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஏதோ விலையுயர்ந்த உதிரிபாகத்தை மாட்டும் வித்தையாகத் தோன்றும். உள்ளே கைவைத்தவருக்குத் தெரியும்: சேர்ப்பது கொஞ்சம், களைவதே அதிகம்.

ஸ்பிரிங் ரைஃபிளுக்குள் நடப்பது இதுதான். குழலை மடக்கியோ, அடியில் உள்ள நெம்புகோலை இழுத்தோ கனமான ஸ்பிரிங்கை அமுக்கிப் பூட்டுகிறோம். விசையை இழுத்ததும் ஸ்பிரிங் பிஸ்டனை முன்னே எறிகிறது. பிஸ்டன் முன்னே பாய, அதன் எதிர்வினையாக ரைஃபிள் தோள் பக்கம் நகர்கிறது. பிஸ்டனின் கடைசி ஓட்டத்தில் அதன் முன்னே நசுங்கிய காற்று மெத்தைபோல எதிர்த்து நின்று அதைத் தடுக்கிறது. சற்றே பின்னுக்கும் தள்ளுகிறது. அந்தக் கணத்தில் ரைஃபிள் திசைமாறி முன்னே பாய்கிறது. பெல்லட் நகரத் தொடங்குவதே ஏறக்குறைய அப்போதுதான். எல்லாம் சேர்த்து நூறில் ஒரு நொடியை ஒட்டி முடிந்துவிடும்.

ஒரு சின்னக் கணக்கு. பிஸ்டனும் அதோடு நகரும் ஸ்பிரிங்கும் கால் கிலோ, ரைஃபிள் 4 கிலோ, பிஸ்டன் ஓடும் தூரம் 80 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், ரைஃபிள் 5 மி.மீ. பின்னே வந்தாக வேண்டும். பெல்லட் இன்னும் குழலுக்குள் இருக்கும்போதே இவ்வளவும் நடந்துவிடுகிறது. வெடிமருந்துத் துப்பாக்கிகளின் உதைப்பைப் பல்லாண்டு தாங்கிய தொலைநோக்கிகள்கூட ஸ்பிரிங் ரைஃபிளில் பொருத்தினால் சீக்கிரமே கெட்டுப்போவது உண்டு. ஒருபக்க உதைப்புக்குத்தான் அவை தயாராக இருந்தன. முன்னும் பின்னுமான இந்தக் குலுக்கலுக்கு அல்ல.

ஸ்பிரிங்கில் நாம் ஏற்றிவைக்கும் ஆற்றலில் சிறு பங்குதான் பெல்லட்டோடு வெளியே போகிறது. மிச்சம் காற்றைச் சூடாக்குவதிலும், உராய்விலும், பிஸ்டன் துள்ளுவதிலும், ஸ்பிரிங் தனக்குத்தானே நடுங்குவதிலும் கரைகிறது. இங்கிலாந்தின் கார்ட்யூ தந்தையும் மகனும் இதையெல்லாம் பொறுமையாக அளந்து பார்த்தவர்கள். காற்றுக்குப் பதிலாக நைட்ரஜனில் வைத்துச் சுட்டால் பெல்லட்டின் வேகம் குறைகிறது என்று காட்டி, சிலிண்டருக்குள் எண்ணெய்ப் பிசுக்கு எரிவதும் ஸ்பிரிங் ரைஃபிளின் வேகத்தில் ஒரு பங்கு வகிக்கிறது என்பதை நிறுவினார்கள். அவர்களுடைய புத்தகம் 1995-இல் வந்தது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இன்றும் அதைத்தான் புரட்டுகிறார்கள். அதை ஊன்றிப் படித்தவருக்கு ஒன்று பளிச்சென்று விளங்கும்: சுடுபவருக்கு எரிச்சலூட்டுவது வீணாகும் ஆற்றல் அல்ல, அது வீணாகும் விதம்.

இனி மேசைக்கு வரலாம். பின்மூடியைக் கழற்றும்போது ஸ்பிரிங் முழு நீளத்துக்கும் எகிறும். ஆகவே கவ்வியில் பிடித்து, மெல்ல மெல்லத் தளர்த்தித்தான் வெளியே எடுக்க வேண்டும். இதில் அவசரம் காட்டியவர்கள் முகத்தில் அடி வாங்கியிருக்கிறார்கள். வெளியே வந்த ஸ்பிரிங்குக்குள் ஒரு தண்டு நிற்கும். அதுதான் வழிகாட்டித் தண்டு, ஸ்பிரிங் கோணாமல் அமுங்க வேண்டும் என்பதற்காக. பெரும்பாலான தொழிற்சாலை ரைஃபிள்களில் இந்தத் தண்டு ஸ்பிரிங்குக்குள் லொடலொடவென்று ஆடும். கையில் பிடித்து ஆட்டினாலே கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வரும். அந்த 'டொய்ங்' பிறக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். பிஸ்டன் நின்ற பிறகும் ஸ்பிரிங் நிற்பதில்லை. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாததால் அது தந்திபோல அதிர்கிறது.

மருந்து, லேத்தில் கடைந்த புதுத் தண்டு. வழுவழுப்பான கெட்டி பிளாஸ்டிக்கில் கடைவது வழக்கம். அளவு எப்படி இருக்க வேண்டும்? அளவுமானியைவிடக் கை நன்றாகச் சொல்லும். ஸ்பிரிங்கைத் தண்டின்மேல் வைத்தால் தானாக இறங்கக் கூடாது. சுத்தியலும் தேவைப்படக் கூடாது. உள்ளங்கையால் அழுத்தி, கொஞ்சம் திருகித் திருகி ஏற்றினால் ஏற வேண்டும். பிறகு தண்டைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினால் ஸ்பிரிங் அதை விடாமல் தொங்க வேண்டும். ஸ்பிரிங் அமுங்கும்போது அதன் விட்டம் மயிரிழை அளவு பெருக்கிறது, விரியும்போது மறுபடி சுருங்கித் தண்டைக் கவ்விக்கொள்கிறது. அதிர்வு எழுவதற்கு முன்பே அடங்கிவிடுகிறது. முன்பக்கத்திலும் பிஸ்டனுக்குள் தொப்பி வடிவில் ஒரு துண்டு கடைந்து போட்டால் இரு முனைகளும் பிடிபடும்.

தண்டு கடையச் சலிப்பவர்கள் தார் மாதிரி ஒட்டும் கெட்டி கிரீஸை ஸ்பிரிங்மேல் அப்பிவிடுவார்கள். சத்தம் உடனே போய்விடும், உண்மைதான். ஆனால் குளிர்நாளில் அதுவே இறுகிப் பெல்லட்டின் வேகத்தைத் தின்னும். கொஞ்சமாகப் பூசினால் நல்ல துணை; தண்டின் லொடலொடப்பை மறைக்கப் பூசினால் அது சுவர் விரிசலுக்கு மேல் சுண்ணாம்பு அடிப்பதுதான்.

அடுத்தது விளிம்புகள். பிஸ்டன் ஓடும் உருளையில் நெம்புகோலுக்காக ஒரு நீண்ட பிளவு வெட்டியிருப்பார்கள். அதன் ஓரங்கள் கத்திபோலக் கூர்மையாக இருப்பது சகஜம். கண்ணுக்குத் தெரியாது, விரலால் தேடினால் விரல் கிழியும். ஒரு சிட்டிகை பஞ்சை எடுத்து ஓரத்தோடு இழுத்துக்கொண்டே போனால், பிசிறு இருக்கும் இடத்தில் நூலிழை மாட்டிக்கொண்டு காட்டிக்கொடுக்கும். அங்கே அரம், பிறகு உப்புத்தாள். இந்த ஒரு மணி நேர வேலையைச் செய்யாமல் புது சீலை உள்ளே தள்ளினால், அது போகும் வழியிலேயே கிழிபட்டு, இத்தனை பாடும் வீணாகும்.

சீல் என்பது பிஸ்டனின் தலையில் இருக்கும் காற்றடைப்பு. இப்போது பெரும்பாலும் செயற்கைப் பொருளில் வருகிறது. பழைய ரைஃபிள்களில் தோல் வாஷர்தான். சைக்கிள் பம்பின் தோல் வாஷரைத் தேங்காய் எண்ணெய் விட்டு உயிர்ப்பித்தவர்களுக்கு அந்தத் தோலின் குணம் தெரியும்: காய்ந்தால் காற்றை விடும், ஊறினால் பிடிக்கும். ஆனால் பம்பில் செய்ததை இங்கே செய்யக் கூடாது. பிஸ்டன் நசுக்கும் காற்று அவ்வளவு சூடாகிறது. தாராளமாக விட்ட எண்ணெய் டீசல் எஞ்சினில் நடப்பதுபோலத் தீப்பிடித்து 'டமார்' என்று வெடிக்கும், புகையும். சீல் கருகும், ஸ்பிரிங் ஒடியவும் கூடும். மாலிப்டினம் கலந்த பசையை விரல் நுனியால் தேய்த்து, துணியால் துடைத்தும் எடுத்துவிட வேண்டும். துடைத்த பிறகு உலோகத்தில் ஒட்டி நிற்கும் சாம்பல் நிறமே போதுமானது.

விசைக்கு வருவோம். ஜெர்மனியின் மெல்ரிக்ஷ்டாட் ஊரில் வைராவ் நிறுவனம் பல தலைமுறைகளாகப் பொருத்திவரும் 'ரெகார்ட்' விசை இன்றும் அளவுகோலாக நிற்கிறது. ஸ்பிரிங்கின் முழுப் பளுவையும் ஒரே கொக்கி தாங்கினால் விரலுக்கு மிஞ்சுவது இழுபறிதான். ரெகார்டில் நெம்புகோல்கள் ஒன்றுக்கொன்று பளுவைக் குறைத்துக் கைமாற்றுகின்றன. கடைசியில் விரலுக்கு வருவது மிகச் சிறியது. முதல் கட்டத்தில் விசை லேசாக நகர்ந்து ஓர் இடத்தில் நிற்கும். அங்கே காத்திருக்கலாம், மூச்சை அடக்கலாம். பிறகு இன்னும் கொஞ்சம் அழுத்தினால், பிஞ்சு வெண்டைக்காயின் நுனி ஒடிவதுபோல விடுபடும். முற்றிய வெண்டைக்காய் வளைந்து வளைந்து கடைசியில் நார்நாராகப் பிரிவது போன்ற விசைகளும் உண்டு. அப்படிப்பட்டதில் எப்போது சுடும் என்று சுடுபவருக்கே தெரியாது. விசையை இன்னும் லேசாக்குகிறேன் என்று திருகாணியை அளவுக்கு மீறித் திருப்பும் ஆசை எல்லோருக்கும் வரும். அப்படி மீறினால் குழல் மடங்கியிருக்கும்போதே விசை விடுபடக்கூடும்; மடக்கிய குழல் தானே மேலே அடித்தால் விரல்கள் நசுங்கும். பெல்லட் ஏற்றும்வரை குழலைக் கையால் பிடித்திருப்பது அனுபவசாலிகளும் விடாத பழக்கம்.

வலிமையைப் பற்றி இங்கே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். ஜெர்மனியில் உரிமமின்றி வாங்கும் ஏர் ரைஃபிளுக்கு உச்சவரம்பு 7.5 ஜூல்; இங்கிலாந்தில் 12 அடி-பவுண்டு, அதாவது 16 ஜூலுக்குச் சற்று மேல். இந்த வரம்புக்குள் அடங்கி நடக்க நேர்ந்ததால்தான் அந்த நாடுகளின் ரைஃபிள்கள் இவ்வளவு இனிமையானவையாக வளர்ந்தன. பலத்தைக் கூட்டி விற்க முடியாத இடத்தில் நேர்த்தியைத்தான் கூட்ட முடியும். வைராவின் மிகச்சிறிய ரைஃபிள்களில் ஒன்றான எச்.டபிள்யூ. 30-ஐ ஒரு கையால் மடக்கலாம். மிகப் பலமான ஸ்பிரிங் ரைஃபிளை வைத்திருப்பவர்கள்கூட ஞாயிற்றுக்கிழமை காலையில் கையில் எடுப்பது இந்தச் சின்னதைத்தான். ஸ்பிரிங்கில் ஒன்றிரண்டு சுற்றைக் குறைத்து, வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால், இங்கிலாந்தின் ஏர் ஆர்ம்ஸ் டி.எக்ஸ். 200 போன்ற கனத்த ரைஃபிளும் அதே சாந்தத்துக்கு வந்துவிடும்.

உதைப்பையே ஒழித்துவிட முடியுமா என்று கேட்டவர்களும் உண்டு. ராஸ்டாட் நகரின் டயானா நிறுவனம் 'கிஸ்' அமைப்பைக் கொண்டுவந்தது. இரண்டு பிஸ்டன்கள், பல்சக்கரத்தால் இணைக்கப்பட்டு, எதிரெதிர்த் திசையில் பாயும். ஒன்றின் உதைப்பை மற்றது தின்றுவிடும். ஓபர்ன்டார்ஃப் நகரின் ஃபைன்வெர்க்பாவ் வேறு வழியில் போனது. அதன் 300 வரிசையில், விசையை இழுத்ததும் குழலும் உருளையும் கட்டையிலிருந்து விடுபட்டு, தண்டவாளத்தில் வண்டிபோலப் பின்னே சறுக்கும். கட்டை தோளில் அசையாமல் இருக்கும். உதைப்பு நடக்கிறது, ஆனால் சுடுபவரிடம் வந்து சேர்வதில்லை. பழையதானாலும் பராமரித்த ஃபைன்வெர்க்பாவ் 300-ஐ முதன்முறை சுடுகிறவர் பெல்லட் போனதா என்று சந்தேகத்தோடு இலக்கைப் பார்ப்பார்.

10 மீட்டர் ஏர் ரைஃபிள் 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நுழைந்தது. அழுத்திய காற்றில் இயங்கும் ரைஃபிள்கள் அதன்பின் களத்தைப் பிடித்துக்கொண்டன. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்ற காலத்துக்குள் போட்டியில் ஸ்பிரிங்குக்கு இடமே இல்லாமல் போயிருந்தது. பத்துப் புள்ளிக்குரிய வட்டத்தின் விட்டம் வெறும் 0.5 மி.மீ. என்னும்போது அது நியாயமே. அந்த ரைஃபிள்களிலும் மிச்சமிருக்கும் மெல்லிய அசைவைக்கூட ஃபைன்வெர்க்பாவ் விட்டுவைக்கவில்லை. காற்றின் உந்துதலால் எதிர்த்திசையில் நகரும் ஒரு சிறு எடையை உள்ளே வைத்து அதையும் ஈடுகட்டியது.

ஆனால் ஸ்பிரிங் ரைஃபிளோடு வாழ்பவர்கள் அதை விடமாட்டார்கள். அதற்குப் பிடிக்கும் முறையும் வேறு. அமெரிக்க ஏர்கன் எழுத்தாளர் டாம் கெய்லார்ட் இதைப் 'பீரங்கிப் பிடி' என்பார்: இடது உள்ளங்கையை விரித்து, ரைஃபிளை அதன்மேல் சும்மா கிடத்த வேண்டும், விரல்கள் இறுகக் கூடாது, தோளும் அழுத்தக் கூடாது. பீரங்கி தன் சக்கரத்தில் தானே பின்னே போய்வருவதுபோல ரைஃபிளும் தன் போக்கில் போய்வர வேண்டும். இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் வேறுவிதமாகக் குதிக்கும். தூங்கும் குழந்தையை ஏந்துவதுபோல வைத்துக்கொண்டால் ஒரே மாதிரி அசையும். பெல்லட்டும் ஒரே இடத்துக்குப் போகும்.

கோர்த்து முடித்த ரைஃபிளின் முதல் சில சூடுகளில் குழல் வாயில் மெல்லிய புகை வரும், வேகமும் ஏறி இறங்கும். துடைத்தும் மிச்சமிருந்த பசை எரிகிறது. ஐம்பது, நூறு பெல்லட் போனபின் வேகம் ஒரு நிலைக்கு வரும். அப்போது கட்டையின் திருகாணிகளை மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். நூறு குலுக்கலில் அவை நிச்சயம் கால் சுற்றாவது தளர்ந்திருக்கும். பிறகு கன்னத்தைக் கட்டையில் வைத்து இன்னொரு முறை சுட வேண்டும், ஓசையைக் கேட்பதற்காக.