விடியுமுன் குளக்கரையில்



கத்திரி வெயில் நம்மை வாட்டுகிற இந்நாட்களில், போதனைக்கு முன்பாக உங்களிடத்தில் ஒரு குற்றத்தை அறிக்கையிட விரும்புகிறேன்.

மே மாதத்தின் முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் நம் சபையின் சகோதரர் ஒருவர் காலை ஆராதனைக்கு வரவில்லை. ஜன்னலோரமாக அவர் வழக்கமாய் அமருகிற இடம் வெறுமையாய் இருந்தது. அந்த வாரத்தில் கடைத்தெருவில் அவரைக் கண்டேன். சுற்றிலும் பலர் நின்றுகொண்டிருக்க, "ஆண்டவருக்கென்று வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியவில்லையா, தம்பி? மீன் அவ்வளவு பெரிதாகிவிட்டதா?" என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. "வாரேன், ஐயா" என்று மட்டும் சொல்லித் தலைகுனிந்தவராய்ப் போனார்.

அன்றிரவு என் மனைவி ஒரு கேள்வி கேட்டார். "அந்த வீட்டில் இந்த மாதம் ஒருவரும் இரவில் தூங்குவதில்லையாம். நீங்கள் போய்ப் பார்த்தீர்களா?" நான் போகவில்லை. ஆகவே மறுநாள் அதிகாலை 4 மணிக்கு எழுந்து குளக்கரைக்குச் சென்றேன்.

நம் ஊர்க் குளத்தை நீங்கள் அறிவீர்கள். தாமிரபரணியின் கால்வாய்த் தண்ணீரும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து கார்த்திகையில் அது மறுகால் பாயும். அந்த நாட்களில் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளைக் கடன் வாங்கி விட்டார் இந்தச் சகோதரர். மே மாதத்திலோ தண்ணீர் சுருங்கி, மடையருகே இருக்கும் பள்ளத்தில் இடுப்பளவாய் நிற்கிறது. குளம் நிறைந்திருந்தபோது பரந்து திரிந்த மீன்கள் எல்லாம் அந்தப் பள்ளத்தில் நெருக்குண்டு கிடக்கின்றன. குத்தகை பசலிக் கணக்கு. ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்துவிடும். அதற்குள் பிடிக்காத மீன் அவருடையதல்ல.

டார்ச் வெளிச்சத்தில் நான் கண்டதை மறக்க இயலவில்லை. தண்ணீரின் மேற்பரப்பெங்கும் மீன்களின் வாய்கள் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. சகோதரரும் அவருடைய மகன்கள் இருவரும் தண்ணீரில் இறங்கி மூங்கில் கழிகளால் அடித்துக்கொண்டிருந்தார்கள். கரையில் டீசல் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. குளத்துத் தண்ணீரையே இறைத்து, உயரத்திலிருந்து மீண்டும் குளத்திலேயே விழச் செய்திருந்தார்கள். தண்ணீர் சிதறி விழும்போது காற்று அதில் கலக்குமாம். அவருடைய மனைவி இன்ஜினருகே காவல் இருந்தார்.

"கோடைத் தண்ணிக்கு மூச்சு கம்மி, ஐயா" என்றார் அவர். பிற்பாடு இதைப் படித்து அறிந்துகொண்டேன். 20 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கக் கூடும். 30 பாகையில் அது ஏழரையாகக் குறைந்துவிடும். வெப்பம் ஏற ஏற மீனுக்கு அதிக மூச்சு தேவைப்படுகிறது; தண்ணீரோ குறைவாகவே கொடுக்கிறது. பகலில் பாசி வெயிலை வாங்கிப் பிராணவாயுவை வெளிவிடும். இரவில் அந்தப் பாசியும் மீனும் அடிச்சேற்றில் அழுகுகிறவையும் அதை உட்கொள்ளும். எனவேதான் சூரியன் உதிப்பதற்குச் சற்று முந்தின நேரமே மீனுக்கு மிகக் கொடிய நேரம். காற்றசையாத, மேகம் மூடிய இரவானால் ஆபத்து இன்னும் அதிகம். விராலும் தேளியும் மேலே வந்து காற்றையே சுவாசித்துப் பிழைத்துக்கொள்ளும். கெண்டை இனங்களுக்கு அந்த வழி இல்லை. அவற்றிலும் பெரியவையே முதலில் சாகும்.

கிழக்கு வெளுத்ததும் அவர்கள் வலை வீசினார்கள். குளிர்ச்சி இருக்கும்போதே பிடித்து, ஐஸ் போட்டு, வெயில் ஏறுமுன் சந்தைக்குக் கொண்டு சேர்க்கவேண்டும். இல்லாவிட்டால் கூடையிலேயே கெட்டுப்போகும். எண்ணிக்கை குறைந்தால் மிஞ்சியவற்றுக்கு மூச்சு கிடைக்கும் என்பதும் ஒரு காரணம். சிறியவற்றைத் திரும்ப விட்டார்கள். செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் காத்துக்கொண்டிருந்த ஒரு பெரிய விரால், கைக்கெட்டிய தூரத்தில் இருந்தும் அதைத் தொடவில்லை. தாயும் தகப்பனும் போனால் அத்தனை குஞ்சுகளும் போய்விடும் என்றார் சகோதரர்.

வேலை முடிந்ததும் மூத்த மகன் என்னைக் கரையின் மறுபக்கத்திற்கு அழைத்துச் சென்று, புதிதாய் மூடப்பட்ட ஒரு குழியைக் காட்டினான். இரண்டாம் ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின இரவு மேகம் மூடியிருந்தது, இன்ஜினும் பழுதாகிவிட்டது. விடிந்தபோது பெரிய மீன்களில் பாதிக்கு மேல் செத்து மிதந்தன. அவற்றை வாரி அள்ளி அந்தக் குழியில் புதைத்திருக்கிறார்கள். ஆலயத்தில் மணி அடித்த வேளையில் புதைத்துக்கொண்டிருந்ததாக அவன் சொன்னான். அதே வேளையில்தான் நான் பிரசங்க பீடத்தில் நின்று, வெறுமையான ஓர் இருக்கையைப் பார்த்து, உண்மையுள்ள ஊழியக்காரனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

பிரியமானவர்களே, லூக்கா சுவிசேஷத்தின் 5-ஆம் அதிகாரத்தை நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். திரளான மீன்களையும் கிழிந்த வலைகளையும் பற்றியே பெரும்பாலும் பேசினேன். அதன் தொடக்கத்தைக் கவனிக்கவில்லை. கெனேசரேத்து என்னும் அந்தக் கலிலேயாக் கடல் உண்மையில் கடலன்று. ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நீளமுள்ள நன்னீர் ஏரி. கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே, வெப்பம் மிகுந்த பள்ளத்தாக்கில் கிடக்கிறது. நம் குளத்துச் சிலேபிக்குத் தூரத்து உறவான மீன்கள் அங்கே உண்டு. அங்கும் இரவே தொழிலுக்கு உகந்த வேளை. பகல் வெளிச்சத்தில் மீன் வலையைக் கண்டு விலகிவிடும். அப்படி ஓர் இரவு முழுவதும் உழைத்து ஒன்றும் கிடைக்காமல் சீமோன் கரையில் வலையை அலசிக்கொண்டிருந்தார். ஜனங்கள் வசனம் கேட்க நெருங்கி வந்தார்கள்; சீமோனோ தன் வேலையில் இருந்தார்.

ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அவருடைய படகில் ஏறினார். அதைக் கரையிலிருந்து சற்றுத் தள்ளும்படி கேட்டுக்கொண்டார். களைத்த ஒரு மனிதனின் வெறும் படகே அன்றைக்குப் பிரசங்க பீடம் ஆயிற்று. மீன் கிடைத்தது அதற்குப் பிறகுதான். படகில் ஏறுவதற்கு முன்பே கேள்வி கேட்டவன் நான்.

பலர் முன்னிலையில் புண்படுத்தியதற்குத் தனிமையில் மன்னிப்புக் கேட்பது போதாது என்று உணர்ந்தேன். அதே கடைத்தெருவில், அதே நேரத்தில் அவரைச் சந்தித்து, "தம்பி, நான் அறியாமல் பேசினேன். மன்னித்துக்கொள்ளும்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா குளத்துக்கு வந்தீங்களே, அது போதும்" என்றார். அவருடைய கடன் அதனால் தீர்ந்துவிடவில்லை. செத்த மீன்கள் திரும்பவும் இல்லை. இவ்வாண்டு அவர் குடும்பத்துக்கு நெருக்கடியான ஆண்டுதான்.

ஆகையால் உங்களிடத்தில் சில விண்ணப்பங்கள். உங்கள் அருகில் ஓர் இருக்கை வெறுமையாய் இருந்தால், காரணத்தை நீங்களே தீர்மானித்துவிடாமல் அந்த வீட்டு வாசலுக்குச் செல்லுங்கள். குளத்தில் எச்சிலையையும் சாணத்தையும் கொட்டாதிருங்கள். அவை அழுகும்போது மீனின் மூச்சையே எடுத்துக்கொள்கின்றன. பூச்சிமருந்து அடித்த கருவிகளை அங்கே கழுவாதிருங்கள். மீன் வாங்கும்போது நம் சகோதரரிடம் வாங்குங்கள்; பேரம் பேசாமல் வாங்குங்கள்.

ஜூன் மாத இறுதிவரை ஞாயிறு மாலை 5 மணிக்குக் குளக்கரை ஆலமரத்தடியில் ஒரு சிறு ஜெபவேளை நடைபெறும். காலையில் வர இயலாதவர்களுக்காகவே இது. காலையில் வந்தவர்களும் வரலாம்.

அன்பின் பிதாவே, பிறருடைய இரவுகளை அறியாமல் அவர்களுடைய பகல்களை நியாயந்தீர்த்த எங்களை மன்னியும். சுருங்கிப்போன தண்ணீரில் மூச்சுக்குத் தவிக்கிற ஒவ்வொரு குடும்பத்தையும் நினைந்தருளும். ஏற்ற காலத்தில் மழையைத் தாரும். அதுவரை ஒருவருக்கொருவர் துணைநிற்க எங்களுக்குக் கிருபை செய்யும். ஆமென்.