வடிகஞ்சியும் ஒரு மன்னிப்பும்

இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

1996-ஆம் வருடம். எட்டாம் வகுப்பில் செரிமானம் பாடம். சோற்றை மென்றுகொண்டே இருந்தால் ஏன் இனிக்கிறது என்று காட்டுவதற்காக, எல்லோரையும் வீட்டிலிருந்து வடிகஞ்சி கொண்டு வரச் சொன்னேன். அதை நீர்க்கக் கலக்கி, எச்சில் சேர்த்து, கால் மணி நேரம் கழித்து ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விட வேண்டும். மாவுச்சத்து மிச்சமிருந்தால் கருநீலம் வரும். எச்சில் அதைச் சர்க்கரையாக மாற்றியிருந்தால் வராது.

எல்லோருக்கும் சரியாக வந்தது. ஒரு பையனுக்கு மட்டும் கருநீலம். "நீ எச்சிலே சேர்க்கலை, பொய் சொல்றே" என்றேன். "சேர்த்தேன் டீச்சர்" என்றான். மறுபடியும் கேட்டேன். அதையே சொன்னான். ஸ்கேலால் கையில் இரண்டு போட்டேன். அதன்பின் அறிவியல் வகுப்பில் அவன் வாயே திறக்கவில்லை.

போன மாதம் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். அதே சோதனையை அவளுக்குச் செய்து காட்ட நினைத்தேன். அவளுக்கு ஏது பொறுமை? அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த உலைத் தண்ணீரை ஒரு டம்ளரில் எடுத்து, சூட்டோடு எச்சிலைக் கலந்துவிட்டாள். ஆறிய பிறகு அயோடின் விட்டோம். கருநீலம்! "அம்மாச்சி, உங்க சோதனை தப்பு" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பையனின் டம்ளரில் ஆவி பறந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அன்று அவன் வீட்டில் காலையில் உலை வைக்கவில்லை. அதனால் சத்துணவுக் கூடத்துக்கு ஓடி, கொதிக்கிற உலையிலிருந்து ஒரு கரண்டி தண்ணீர் வாங்கி வந்திருந்தான்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். எச்சிலில் அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது. நொதிகளில் பெரும்பாலானவை புரதங்கள். அமைலேஸ் என்பது 496 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு நீளமான சங்கிலி. அது குறிப்பிட்ட விதமாக மடிந்து சுருண்டிருப்பதால் அதன் மேல் ஒரு பள்ளம் உண்டாகிறது. மாவுச்சத்து என்பதும் சர்க்கரை மணிகள் கோத்த சங்கிலிதான். அது இந்தப் பள்ளத்தில் வந்து படுக்கும். அங்கேதான் வேலை நடக்கிறது.

உங்களுக்கெல்லாம் "பூட்டும் சாவியும்" என்று சொல்லிக் கொடுத்தேன். எமில் ஃபிஷர் 1894-இல் சொன்ன உவமை அது. எந்த நொதிக்கு எந்தப் பொருள் என்பதை அது அழகாகச் சொல்லும். ஆனால் பூட்டு அசையாமல் இருக்கும், நொதி அப்படியில்லை. பொருள் வந்து சேரும்போது நொதியும் சற்று வளைந்து அதைப் பிடித்துக்கொள்ளும் என்று 1958-இல் கோஷ்லாண்ட் என்ற அறிஞர் சொன்னார்.

பொங்கலுக்குக் கரும்பு ஒடிப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கையாலும் பிடித்து, முழங்காலில் வைத்து, சரியான இடத்தில் வளைத்தால் சுலபமாக ஒடிகிறது. நொதியும் மாவுச்சத்துச் சங்கிலியை ஒடியப்போகும் நிலைக்குக் கொண்டுவந்து அந்த நிலையிலேயே தாங்கிப் பிடிக்கிறது. பள்ளத்தில் உள்ள அமிலத் தொகுதிகள் பிணைப்பை அறுக்கின்றன, அறுந்த இடத்தில் ஒரு நீர் மூலக்கூறு சேர்கிறது. வினை தொடங்கத் தேவையான ஆற்றல் இதனால் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. துண்டுகள் விலகியதும் நொதி பழையபடி நிற்கும், அடுத்த சங்கிலிக்குத் தயார். தான் செலவாவதே இல்லை. நம் ரத்தச் சிவப்பணுக்களில் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி இருக்கிறது. அதன் ஒரு மூலக்கூறு ஒரு நொடியில் சுமார் 10 லட்சம் முறை இப்படி வேலை செய்ய வல்லது.

இவ்வளவுக்கும் ஆதாரம் அந்த மடிப்புதான். கொதிக்கும் சூட்டில் மடிப்பு குலைந்துவிடும். முட்டையின் வெள்ளைக்கரு வெந்து கட்டியாவதும் இதே காரணத்தால்தான். வெந்த முட்டை ஆறினாலும் பழையபடி ஆகாது அல்லவா? அப்படித்தான் அந்தப் பையனின் எச்சிலில் இருந்த அமைலேஸும் வேலையைத் தொடங்கும் முன்பே கெட்டுப்போனது. மாவுச்சத்து அப்படியே இருந்தது, நீலம் வந்தது. வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அன்று வகுப்பிலேயே சிறந்த சோதனை அவனுடையது. "உன் கஞ்சி ஏன் சுடுது?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், வெப்பம் நொதியை என்ன செய்யும் என்று நாற்பது பிள்ளைகளும் அன்றே கண்ணால் பார்த்துக் கற்றிருப்பார்கள். பாடப் புத்தகத்தில் போட்டிருந்த விடை வரவில்லை என்பதற்காக, உண்மை சொன்ன பிள்ளையைப் பொய்யன் என்றேன்.

தம்பி, உன் பெயரை இங்கே எழுதவில்லை. இதைப் படித்தால் நீதான் என்று உனக்குத் தெரியும். நீ எச்சில் சேர்த்தாய். உனக்கு வந்த விடையும் சரி. டீச்சர்தான் தவறு செய்தேன். என்னை மன்னித்துவிடு.

உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு பிள்ளைக்கு மட்டும் வேறு விடை வந்தால், ஸ்கேலை எடுக்காதீர்கள். அவன் டம்ளரைத் தொட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்