கேமரா இல்லாத சனிக்கிழமை!

உங்க கையில கேமரா இருக்கு. ஒரு குடும்பமே உங்களை நம்பியிருக்கு. ஆனா, விழாவோட முக்கியமான நிமிஷத்துல மட்டும் 'க்ளிக்' பண்ணவே கூடாதுன்னா என்ன பண்ணுவீங்க? நான் அப்படி மாட்டிக்கிட்டேன் ஃப்ரெண்ட்ஸ்!

நியூ ஜெர்சியில் நான் படிச்சுக்கிட்டிருந்த சமயம். பக்கத்து வீட்டு யூதக் குடும்பத்துப் பையனுக்கு 13 வயசு நிறைஞ்சது. அந்த வயசுல 'பார் மிட்ஸ்வா' நடத்துவாங்க. 'கட்டளையின் மகன்'னு அர்த்தம். இனிமே மதக் கடமைகளுக்கு அவனே பொறுப்பு! (பொண்ணுங்களுக்கு 'பாட் மிட்ஸ்வா'.) "நீதான் நல்லா படம் எடுப்பியே, நீயே எடுத்துக் கொடேன்"னு அவன் அம்மா கேட்டாங்க. கூடவே ஒரு கண்டிஷன்... "சனிக்கிழமை காலையில மட்டும் கேமரா வேண்டாம்!"

வெள்ளி சூரியன் மறையறதுல ஆரம்பிச்சு சனி ராத்திரி நட்சத்திரம் தெரியற வரைக்கும் அவங்களுக்கு சபாத், ஓய்வு நாள். எழுதறது, நெருப்பு மூட்டறதுன்னு 39 வகை வேலைகளுக்குத் தடை. மரபை விடாத ஜெப ஆலயங்கள்ல கேமராவுக்கும் அன்னிக்கு லீவுதான்.

அதனால வியாழக்கிழமை ஒத்திகையில படம் எடுக்கிறதா ஏற்பாடு. தோரா, கையால எழுதின தோல் சுருள். அதுல உயிரொலிக் குறிகளும் இல்லை, ராகக் குறிப்பும் இல்லை. நம்ம பழைய ஓலைச்சுவடியில புள்ளி இருக்காதே, அந்த மாதிரி படிக்கிறவங்கதான் தெரிஞ்சு வச்சிருக்கணும். விரல் படக்கூடாதுன்னு வரியைக் காட்ட, நுனியில கை வடிவம் வச்ச ஒரு வெள்ளிக் குச்சி. பேரு 'யாத்'. மாசக்கணக்கா மனப்பாடம் பண்ணின பையன், அன்னிக்கு ஒரு தப்புகூட இல்லாம படிச்சான். நானும் சுட்டுத் தள்ளினேன். எல்லாமே பளிச்!

சனிக்கிழமை வெறுங்கையோட போய் உட்கார்ந்தேன். பையன் நாலாவது வரியிலயே தடுக்கிட்டான். ஹால் முழுக்க நிசப்தம். தப்பு வந்தா திருத்தணும்ங்கிறது வழக்கம். பக்கத்துல நின்ன பெரியவர் மெதுவா சரியான சொல்லை எடுத்துக் கொடுத்தார். அப்ப தற்செயலா அவன் அம்மாவைப் பார்த்தேன். சத்தமே இல்லாம அவங்க உதடு அந்த வரியைச் சொல்லிக்கிட்டிருந்துச்சு. தினம் வீட்டுல கேட்டுக் கேட்டு அவங்களுக்கும் மனப்பாடம்! என் வலது கை தானா கேமராவைத் தேடுச்சு. ம்ஹூம்... பார்க்க மட்டும்தான் முடிஞ்சது.

பையன் சமாளிச்சு முடிச்சான். நாலாபக்கமும் இருந்து அவன் மேல மிட்டாய் மழை! ராத்திரி பார்ட்டியில 'ஹோரா' நடனம் ஆடி, அவனை நாற்காலியோட தலைக்கு மேல தூக்கினப்ப என் கேமராவுக்கு ஓய்வே இல்லை.

ஒரு வாரம் கழிச்சு ஆல்பத்தைக் கொடுத்தேன். ஒத்திகைப் படத்தையே ரொம்ப நேரம் பார்த்த அந்த அம்மா, "இதுல அவன் தடுமாறவே இல்லையே"ன்னு சிரிச்சாங்க. அவங்க உதட்டைப் பத்தி அப்பதான் சொன்னேன். அது அவங்களுக்கே தெரியாதாம்! கண் கலங்கிடுச்சு. "அதை அப்படியே எழுதிக் கொடுப்பியா?"ன்னு கேட்டாங்க.

அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். அந்த ஆல்பத்தோட முதல் பக்கத்துல இப்ப இருக்கிறது படம் இல்லை, என் கோணல் கையெழுத்துதான்!

அடுத்த தடவை ஃப்ரெண்ட் வீட்டு விசேஷத்துல செல்போனை நீட்டறதுக்கு முன்னாடி, ஒரே ஒரு நிமிஷம் அதைப் பைக்குள்ள போட்டுட்டுப் பாருங்களேன். யாரோட உதடாவது சத்தமில்லாம அசைஞ்சுக்கிட்டிருக்கும்!