மண்ணுளி வளர்க்கலாமா?

சென்னையில் இருக்கிற அக்கா பையன் போன வாரம் போன் பண்ணினான். "மாமா, கொல்லையில மண்ணுளிப் பாம்பு கெடைச்சா ஒண்ணு புடிச்சு வைங்க, கண்ணாடிப் பெட்டியில வளர்க்கப் போறேன்"னான். அமெரிக்காவில் யாரோ வளர்க்கிற வீடியோவைப் பார்த்திருக்கான். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். இந்த ஆசை வேற யாருக்காவது இருக்கலாம்.

அவன் பார்த்தது கென்யா பக்கத்து மண்ணுளி. வெளிநாட்டில் பல தலைமுறையா பெட்டியிலேயே குட்டி போட வெச்சு விக்கிறாங்க. வளர்க்கிறதும் பெரிய வித்தை இல்லை. நாலு விரல் உயரத்துக்கு மணலோ மரச்சீவலோ போட்டு, பெட்டியில ஒரு பக்கம் மட்டும் சூடு, ஒரு கிண்ணம் தண்ணி, வாரம் பத்து நாளைக்கு ஒரு சுண்டெலி. ஆனா பகல் முழுக்க மணலுக்குள்ளயேதான் கிடக்கும். சிலசமயம் கண்ணு ரெண்டு மட்டும் வெளியே தெரியும். பாதிநாள் மணலைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கணும்.

நம்ம ஊர் மண்ணுளி கதை வேற. மரக்காணம்னாலே உங்களுக்கு உப்பளம்தான் ஞாபகம் வரும். ஈ.சி.ஆர். ரோட்டில் போகும்போது வெள்ளையா குவிச்சு வெச்சிருப்பாங்களே, அதுதான். அந்தப் பாத்திகளைத் தாண்டி மேடேறினா மணல் கலந்த கொல்லை. மல்லாட்டை (நீங்க வேர்க்கடலைம்பீங்க), சவுக்கு, முந்திரி எல்லாம் அங்கேதான். மண்ணுளி இருக்கிறதும் அங்கேதான்.

மண்ணுளியில் ரெண்டு வகை தெரிஞ்சுக்கணும். ஒண்ணு செம்பழுப்பு நிறம், வழுவழுன்னு இருக்கும். வாலும் தலை மாதிரியே மொட்டையா இருக்கிறதால இருதலைப் பாம்புன்னு பேரு. பயந்தா தலையை உடம்புக்குள்ள மறைச்சு வாலைத் தூக்கிக் காட்டும். அடி விழுந்தா வாலில் விழட்டும்னு ஒரு தந்திரம். இன்னொண்ணு குட்டையா, தடியா, திட்டுத்திட்டா இருக்கும். ரெண்டுக்கும் விஷம் கிடையாது. முட்டை போடாது, குட்டிதான் போடும். நக்கினா குஷ்டம் வரும்னு எங்க ஆயா சொல்லும். அப்படியெல்லாம் எதுவும் வராது.

இதைப் பிடிக்கிறதும் வீட்டில் வெச்சிருக்கிறதும் 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அன்பா வளர்த்தேன்னு சொன்னாலும் வழக்குதான். 2022இல் சட்டத்தைத் திருத்தின பிறகு, உலக வணிக ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிற வெளிநாட்டு இனங்களை வெச்சிருக்கிறவங்களும் பதிவு செய்யணும்.

சட்டம் ஒரு பக்கம்னா, இன்னொரு பக்கம் இருதலைப் பாம்பு வியாபாரம். இரிடியம், கோபுரக் கலசம் மாதிரி இதுவும் ஒரு மோசடி. 'டபுள் இன்ஜின்'னு ரகசியப் பேர் வெச்சு, இத்தனை கிலோ இருந்தா கோடி ரூபா, மருந்துக்கு ஆகும், வீட்டில் வெச்சா பணம் கொட்டும்னு கிளப்பி விடுறாங்க. அப்படி ஒரு மருந்தும் கிடையாது. எங்க பக்கம் ஆடு மேய்க்கிற ஒருத்தர்கிட்ட அட்வான்ஸ்னு ரெண்டாயிரம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாங்க. பாம்போட மாட்டினது அவர்தான். கேட்டவன் போன் அன்னைக்கே சுவிட்ச் ஆஃப். வக்கீலுக்காக ஆட்டையெல்லாம் வித்தார்.

அடுத்தது உயிர் சமாச்சாரம். திட்டு போட்ட மண்ணுளியும் கண்ணாடி விரியனும் பார்த்த மாத்திரத்தில் ஒண்ணு மாதிரியே தெரியும். விரியனுக்கு முதுகில் சங்கிலி கோத்த மாதிரி மூணு வரிசை வட்டம், முக்கோணத் தலை, ஒடுங்கின கழுத்து. மண்ணுளிக்குக் கழுத்தே தெரியாது, திட்டு ஒழுங்கில்லாம ஒண்ணோட ஒண்ணு சேர்ந்திருக்கும், வால் குட்டை. எழுதும்போது சுலபமாத்தான் இருக்கு. மல்லாட்டைக் கொடிக்கு அடியில, அந்தி வெளிச்சத்தில் யாரால வரிசையை எண்ண முடியும்? மண்ணுளிதானேன்னு விரியனைத் தூக்கினா முடிஞ்சுது. அதனால எந்தப் பாம்பையும் கையால தொடாதீங்க.

பாம்பை நல்லா அறிஞ்சவங்க இருளர்கள். எங்க பக்கம் எலி வளை வெட்ட வர்றவங்களும் அவங்கதான். பாம்புத்தோல் வியாபாரத்துக்குத் தடை வந்த பிறகு, 1978இல் வடநெம்மேலியில் அவங்களுக்காகப் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் தொடங்கினாங்க. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்னு நாலு வகையை மட்டும் அரசு அனுமதியோட பிடிச்சு, மணல் போட்ட மண்பானையில வெச்சு, வாயைத் துணியால கட்டி வைப்பாங்க. விஷக்கடிக்கு மருந்து செய்ய விஷத்தை எடுத்துட்டு, சில வாரத்தில் திரும்பக் காட்டிலேயே விட்டுடுவாங்க. பாம்பே பிழைப்பா இருக்கிறவங்களே அதைச் சொந்தமா வெச்சுக்கிறதில்லைன்னு பையன்கிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை.

மண்ணுளியைப் பராமரிக்கிற வழி எங்களுக்கு இருக்கு. வரப்பை முழுசா வழிச்சு எடுக்காம, ஓரத்துப் புதரையும் எலி வளையையும் கொஞ்சம் விட்டு வைக்கணும். எலிக்கு விஷ உருண்டை வைக்காம இருக்கணும். மல்லாட்டையைக் கொறிக்கிற எலியை அது பார்த்துக்கும். இதுக்குப் பெட்டியும் வேண்டாம், தீனிச் செலவும் இல்லை.

மாடி வீட்டில் இருக்கிற உங்களுக்கும் ஒரு பாம்பு இருக்கு. பூந்தொட்டி மண்ணைக் கிளறும்போது, மண்புழு மாதிரி கருப்பா, பளபளன்னு, ஒரு சாண்கூட இல்லாத ஒண்ணு நெளியுதா? மண்புழுவுக்கு இருக்கிற வளையம் இதுக்கு இருக்காது. நாக்கை நீட்டி நீட்டி உள்ளே இழுக்கும். அது புழுப்பாம்பு. விஷம் இல்லை. எறும்பு, கரையான் முட்டைகளைத் தின்னும். இந்த இனத்தில் எல்லாமே பெண்தான். ஆண் இல்லாமலே முட்டை போடும். அதனாலதான் தொட்டி மண்ணோட கப்பலேறி உலகம் பூரா பரவியிருக்கு.

அதைப் பாட்டிலில் போட வேண்டாம். உப்பைக் கொட்ட வேண்டாம், மண்ணெண்ணெய் ஊத்த வேண்டாம். மண்ணை ஈரமா வெச்சு, பூச்சிமருந்து அடிக்காம இருந்தா போதும். அக்கா பையன் தன் கறிவேப்பிலைத் தொட்டியைக் கிளறிப் பார்த்துட்டுச் சொல்றேன்னான். பார்த்துட்டு மண்ணை மூடிடுப்பான்னு சொல்லியிருக்கேன்.