தாயகம் திரும்பியவர்

பர்மாவிலிருந்து 1960-களில் கப்பலேறி வந்த தமிழர்களுக்கு அரசு வைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. என் தாத்தா பிறந்தது பெகுவில், 1926-ல். சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 39. அதற்கு முன் இந்திய மண்ணை மிதித்ததே இல்லை. பார்க்காத ஊருக்கு ஒருவர் எப்படித் திரும்புவது?

மீஞ்சூரில் பழைய வீட்டைப் பிரித்துக் கட்டியபோது அவருடைய தகரப்பெட்டியை இறக்கினோம். உள்ளே மூன்று சங்கதிகள்: பர்மா அரசு கொடுத்த வெளிநாட்டவர் பதிவுச் சான்று, ரங்கூன் இந்தியத் தூதரகம் கொடுத்த பயணச் சான்று, ஒரு கணக்கு நோட்டு.

பதிவுச் சான்றில் பிறந்த இடம் பெகு. அடுத்த வரியில், நாட்டினம் இந்தியர். இரண்டும் உண்மைதான். தாத்தாவின் அப்பா இராமநாதபுரத்திலிருந்து அரிசி மில் வேலைக்குப் போன காலத்தில் பர்மாவும் பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். 1937-ல் அது தனியாகப் பிரிந்தது, 1948-ல் சுதந்திரம் அடைந்தது. தாத்தா இருந்த இடத்தில்தான் இருந்தார். கோடுகள்தான் நகர்ந்தன.

1962-ல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் கடைகள் அரசுடைமை ஆயின. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றானது. லட்சக்கணக்கான இந்தியர்கள் கிளம்பினார்கள். “மூக்குத்தியக்கூட கழட்டச் சொல்லிட்டாங்க. வெறும் மஞ்சக் கயித்தோட வந்தேன்” என்பார் ஆயா.

1965 பயணச் சான்றில் தாத்தா, ஆயா, இரண்டு மகன்கள். சொந்த ஊர் என்ற இடத்தில், தாத்தா கண்ணால் பார்த்திராத அவர் அப்பாவின் கிராமம். ஆனால் தாத்தாவின் அம்மா பெயர் எங்கேயும் இல்லை. ஆயாவிடம் கேட்டேன்.

“அவங்க வரல. புருஷன பொதச்ச மண்ண விட்டு வரமாட்டேன்னுட்டாங்க. மவளையும் அங்கியே கட்டிக் குடுத்திருந்தாங்க. உங்க தாத்தா கால்ல வுயுந்து கெஞ்சிப் பாத்தாரு.”

தாய் அங்கே. தாயகம் இங்கே.

வந்த பிறகு கொஞ்ச நாள் முகாம். பிறகு எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் கூலி வேலை. அதன் முதல் அலகு 1970-ல் ஓடத் தொடங்கியது. அப்புறம் மீஞ்சூரில் குடிசை. கூட வந்தவர்களில் சிலர் பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜாரில் கடை போட்டார்கள், சிலர் அத்தோ விற்றார்கள். இன்னும் சிலர் இங்கே ஒட்டாமல் பர்மாவுக்கே திரும்பிப் போகக் கிளம்பி, எல்லை தாண்ட முடியாமல் மணிப்பூரின் மோரேயில் தங்கிவிட்டார்கள். அங்கே இன்றும் தமிழர் தெரு, கோயில் எல்லாம் உண்டு. தாத்தாவும் ஒருமுறை மூட்டை கட்டினாராம். ஆயா விடவில்லை.

கணக்கு நோட்டைத்தான் கடைசியாகப் பிரித்தேன். சொற்கள் தமிழில், எண்கள் பர்மிய எழுத்தில், வட்டம் வட்டமாக. பத்து எண்களையும் கற்றுக்கொள்ள அரைமணி நேரம் ஆனது. அரிசி, மண்ணெண்ணெய், பீடி. மாதம் தவறாமல் ஒரு வரி: ‘ஏர்மெயில், பெகு’.

1971 ஐப்பசியில் அந்த வரி இல்லை. அதற்குப் பதில் இப்படி இருக்கிறது: ‘எள், பச்சரிசி, வாழைக்காய். மொட்டை, 2 ரூபாய்.’

அவ்வளவுதான். யார் இறந்தார், சேதி எப்படி வந்தது, எதுவும் எழுதவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் எள்ளும் பச்சரிசியும் கணக்கில் வருகின்றன. ஏர்மெயில் வரவே இல்லை.

முத்திரை குத்திய இரண்டு தாள்களும் அவர் எந்த நாட்டுக்காரர் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டன. அவர் யாருடைய மகன் என்பது, யாரும் கேட்காத இந்த நோட்டில்தான் இருக்கிறது.

கடைசிக் கணக்கு 1998-ல். மீஞ்சூர் மளிகைக் கடை பாக்கி. எண்கள் அப்போதும் பர்மியம்தான்.