ஃபுகுஷிமா தண்ணீரும் மீனவர் அச்சமும்

2023 ஆகஸ்ட் 24 அன்று ஃபுகுஷிமா அணு உலையின் சுத்திகரித்த நீரைப் பசிபிக் கடலில் விடத் தொடங்கியது ஜப்பான். அன்றே ஜப்பானிய கடலுணவு இறக்குமதிக்குச் சீனா தடை போட்டது. சீன அணு உலைகளும் டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருளைக் கடலில் விடுகின்றன என்பது வேறு கதை!

வடிகட்டியில் பெரும்பாலான கதிரியக்கப் பொருட்கள் சிக்கிவிடும். டிரிட்டியம் சிக்காது. அது தண்ணீரின் மூலக்கூறிலேயே கலந்து கிடக்கிறது. அதனால் லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்குக் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) கீழே நீர்த்துப்போகச் செய்துவிட்டுத்தான் விடுகிறார்கள். குடிநீருக்கே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 10,000. பாதிப்பு மிகச் சொற்பம் என்றது சர்வதேச அணுசக்தி முகமை.

கணக்கு சரிதான்.

ஆனால் உண்மையில் கவலைப்பட வேண்டியது சீசியம் என்ற இன்னொரு கதிரியக்கப் பொருள். 2023 மே மாதம் அணு உலையின் துறைமுகத்துக்குள் பிடிபட்ட ஒரு பாறை மீனில் கிலோவுக்கு 18,000 பெக்கரல் இருந்தது. அனுமதி வெறும் 100. அது 2011-ல் அந்த அணு உலையில் நடந்த விபத்தின் மிச்சம், இப்போது விடும் நீரால் வந்ததல்ல. மீனவர்களின் அச்சம் இதுதான்: இந்த வேறுபாட்டைச் சந்தையில் யார் விளக்குவது?

சம்பந்தப்பட்டவர்களின் புரிதல் இல்லாமல் நீரை வெளியேற்ற மாட்டோம் என்று 2015-ல் அரசும் உலையை நடத்தும் மின் நிறுவனமும் மீனவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தன. மீனவர் சங்கங்கள் கடைசிவரை எதிர்த்தன. அதையும் மீறித்தான் குழாய் திறக்கப்பட்டது.