நடுக்கடலில் ஒரு வகுத்தல் கணக்கு

நாகப்பட்டினத்தில் விசைப்படகு வைத்திருக்கும் பழைய மாணவன் வந்திருந்தான். "சார், ராத்திரி நங்கூரம் போட்டு இன்வெர்ட்டர்ல டிவி, ஃபேன், லைட்டுன்னு ஓட்டினோம். விடியக்காலைல எஞ்சின் ஸ்டார்ட் ஆகல. வயர்லெஸ்ஸும் செத்துப்போச்சு. பக்கத்துப் படகுதான் இழுத்துட்டு வந்துச்சு" என்றான்.

12 வோல்ட்டை 230 ஆக மாற்றும் இன்வெர்ட்டர் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. 300 வாட் ஓடினால் பேட்டரியிலிருந்து 25 ஆம்பியர் போகும். இன்வெர்ட்டர் தின்பது தனி. 100 ஆம்பியர்-அவர் ஈய பேட்டரியில் பாதிக்குமேல் எடுக்கக்கூடாது. அந்தப் பாதி இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. ஆல்டர்னேட்டர் ஏற்றுவதோ எஞ்சின் ஓடினால்தான்.

ஸ்டார்ட்டுக்குத் தனி பேட்டரி வை என்றேன். வாட், வோல்ட், ஆம்பியர் நடத்தியபோது நானும் டார்ச் லைட்டைத்தான் உதாரணம் காட்டினேன். வகுப்பில் பாதிப் பேர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள்.